கொற்றம் விதைத்த குற்றம்!



திருடனைப் பிடிக்கக் காவல் வேண்டும், மறுப்பார் இல்லை. நஞ்சு விற்பவனை நாலு சுவருக்குள் அடைக்கச் சட்டம் வேண்டும். அதற்கும் மறுப்பார் இல்லை. ஆனால், திருட மறுப்பவனைத் தேடிச் சென்று, தோளிலே கை போட்டு, கண்ணீர் வடித்து, கன்னக்கோலைக் கையிலே திணித்து, அவன் சுவரிலே துளையிட்டதும் "அகப்பட்டான் கள்வன்!" என்று ஆர்ப்பரிக்கும் காவலருக்கு என்ன பெயர் சூட்டுவது? காவலர் என்பதா? கள்வரை வார்த்தெடுக்கும் பட்டறைக்காரர் என்பதா?

கதை கட்டுகிறேன் என்று எண்ணாதீர்கள். உலகுக்கெல்லாம் உரிமைப் பாடம் நடத்தும் அமெரிக்க நாட்டிலே நடந்தது இது. அந்நாட்டு உச்சநீதி மன்றத்தின் ஏட்டிலே பதிந்திருக்கிறது. ஷெர்மன் வழக்கு என்று பெயர். 1951இல் முளைத்து, 1958இல் முடிந்த வழக்கு. நாடகம் எழுதிப் பழகிய கை இது. ஆகவே காட்சி காட்சியாகவே உங்கள் முன் வைக்கிறேன். ஆனால் ஒன்று: பாத்திரங்கள் பேசாததை நான் பேசவைக்கப் போவதில்லை. நடந்ததே போதும்!

முதற் காட்சி: 1951, ஆகஸ்டுத் திங்கள். ஒரு மருத்துவரின் சிகிச்சை நிலையம். போதை மருந்துக்கு அடிமைப்பட்டுவிட்ட ஒருவன், அந்த அடிமைத்தளையை அறுத்தெறிய வேண்டுமென்று சிகிச்சைக்கு வருகிறான். அதே நோய்க்கு அதே மருத்துவரிடம் வரும் இன்னொருவனைச் சந்திக்கிறான். மருத்துவரின் நிலையத்திலே ஒரு நாள், மருந்துக் கடையிலே ஒரு நாள் என்று சந்திப்புகள் தொடர்கின்றன. பேச்சு வளர்கிறது. பட்ட பாட்டைச் சொல்கிறான் ஒருவன். கெட்ட கேட்டைச் சொல்கிறான் மற்றவன். விட்டுவிட வேண்டும் இந்தப் பாழும் பழக்கத்தை என்று இருவரும் பெருமூச்செறிகிறார்கள்.

இரண்டாம் காட்சி: புதிய நண்பன் மெல்ல ஆரம்பிக்கிறான். சிகிச்சை தனக்குப் பலிக்கவில்லை என்கிறான். மருந்து கிடைக்கும் இடம் தெரியுமா என்று கேட்கிறான். முன்னவன் நழுவுகிறான். மீண்டும் கேட்கிறான், மீண்டும் நழுவுகிறான். துடிக்கிறேன், துவள்கிறேன் என்று இரக்கத்தைக் கிளறிக் கிளறிக் கேட்கிறான். பலமுறை கேட்ட பிறகு, பாவம் என்று மனம் இளகி, இசைகிறான் அந்த ஏமாளி. வாங்கி வருகிறான், பகிர்ந்து கொள்கிறார்கள். மொத்தச் செலவு 25 டாலர். நண்பனின் பங்கு 15 டாலர். அந்தப் பதினைந்திலே அவன் உட்கொண்ட மருந்தின் விலையும் வாடகைக் கார்ச் செலவு முதலானவையும் அடக்கம். விட்டுவிட எண்ணியிருந்த பழக்கத்திலேயே முன்னவன் மறுபடி விழுந்துவிட்டான் என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள்.

மூன்றாம் காட்சி: அந்த நண்பன் நேரே செல்கிறான், அந்நாளில் இருந்த மத்திய போதை மருந்துத் தடுப்பு இலாகாவின் அதிகாரிகளிடம். இன்னொரு விற்பனையாளன் அகப்பட்டான் என்கிறான்! நவம்பர்த் திங்களில் மூன்று முறை சர்க்கார் பணம் கைமாறுகிறது. மூன்று முறையும் அதிகாரிகள் மறைந்திருந்து பார்க்கிறார்கள். மூன்று விற்பனை, மூன்று குற்றச்சாட்டு, பத்தாண்டுச் சிறை!

திரை விழவில்லை, தோழர்களே. இனிமேல்தான் வேடம் கலைகிறது. அந்த அருமை நண்பன் யார்? சர்க்காரின் வேவுகாரன். அதற்குச் சற்று முன்னர், குறைந்தது இரண்டு பேர் மீதாவது இதே போல வழக்கு வரக் காரணமாக இருந்தவன். சம்பளம் வாங்கினானா? இல்லை. அதைவிடப் பெரிய கூலி அவனுக்குக் காத்திருந்தது. போதை மருந்து விற்றதாக அவன் மீதே வழக்கு இருந்தது. தண்டனை இன்னும் விதிக்கப்படவில்லை! 1952இல் அவன் முறை வந்தபோது, சர்க்காருக்கு ஒத்துழைத்தவர் இவர் என்று அரசு வழக்கறிஞர் நீதிபதியிடம் எடுத்துரைத்தார். தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. விற்றவன் வீட்டுக்குப் போனான். வீழ்ந்தவன் சிறைக்குப் போனான்!

சிலம்பை நினைத்துக் கொள்ளுங்கள். அரசியின் சிலம்பைக் களவாடியவன் பொற்கொல்லன். அரண்மனைக்கு ஓடோடிச் சென்று கள்வனைக் கண்டேன் என்று சொன்னவனும் அதே பொற்கொல்லன். களவு செய்தவனே காட்டிக் கொடுப்பவனானான்; ஆராயாமல் ஆணையிட்டான் பாண்டியன்; கோவலன் தலை உருண்டது. மதுரை எரிந்த கதையை மேடைதோறும் முழங்குகிறோமே, எரிந்ததற்குக் காரணம் என்ன? தன் தலைக்கு விலையாக இன்னொருவன் தலையைக் கொடுக்கத் துடிப்பவனின் சொல்லை, அரசு தன் சொல்லாக ஏற்றுக் கொண்டதுதான்! வள்ளுவரும் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். வேவு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ஒற்றன் ஒருவன் கொணர்ந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொன்னார். நடந்ததை அறிந்து வந்து சொல்பவனையே நம்பிவிடாதே என்றவர், நடக்காததை நடத்தி வைத்துவிட்டு வந்து சொல்பவனைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்? எண்ணிப் பாருங்கள்!

வழக்கு மன்றத்திலே என்ன நடந்தது? முதல் விசாரணையில் குற்றவாளி என்று தீர்ப்பு. 1952இல் மேல்முறையீட்டு மன்றம் அதைத் தள்ளிற்று. மறு விசாரணை; மறுபடியும் குற்றவாளி என்றார்கள் ஜூரர்கள்; பத்தாண்டு என்றார் நீதிபதி. இம்முறை மேல்முறையீட்டு மன்றமும் ஆமோதித்தது. அதற்கும் மேலே போயிற்று வழக்கு. 1958ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் தலைமை நீதிபதி எர்ல் வாரன் தீர்ப்புரைத்தார். குற்றத்தைத் தடுப்பதும் குற்றவாளியைப் பிடிப்பதும் சட்டத்தைக் காப்பவரின் வேலை. குற்றத்தை உற்பத்தி செய்வது அந்த வேலையில் சேராது என்றார். வேவுகாரன் செய்தது எங்களுக்குத் தெரியாது என்று சர்க்கார் கை கழுவ முடியாது என்றார். சர்க்கார் தரப்புச் சாட்சிகளின் வாய்மொழியிலிருந்தே பொறி வைத்தது வெட்டவெளிச்சமாகிறது என்றார். தண்டனை ரத்தாயிற்று. ஒன்பது நீதிபதிகளிலே ஒருவர்கூட அந்தத் தண்டனை நிலைக்கட்டும் என்று சொல்லவில்லை.

நீதி வென்றது, நிம்மதியாக உறங்கலாம் என்கிறீர்களா? பொறுங்கள்! கட்டுரையின் கருவே இனிமேல்தான் இருக்கிறது.

முடிவிலே ஒன்றுபட்ட அந்த ஒன்பது பேர், காரணத்திலே இரண்டு பட்டார்கள். வாரனும் அவருடன் நின்ற நால்வரும் பார்த்தது குற்றஞ்சாட்டப்பட்டவனின் மனத்தை. இவன் முன்பே குற்றஞ்செய்யத் தயாராக இருந்தவனா, அல்லது அப்பாவியா என்று கேட்டார்கள். ஷெர்மனுக்கு 1942இல் விற்றதாக ஒரு தண்டனை, 1946இல் வைத்திருந்ததாக ஒரு தண்டனை. அவ்வளவு பழைய கதைகள், இன்று விற்கத் தயாராக இருந்தான் என்பதற்குச் சான்றாகா என்று சொல்லி அவனைக் காத்தார்கள். வீட்டைச் சோதித்தபோது மருந்து ஏதும் கிடைக்கவில்லை. ஆதாயம் பார்த்ததற்கும் அடையாளம் இல்லை. நல்ல முடிவு. ஆனால் நாளைக்கு வருகிறவனுக்குப் பழைய தண்டனை ஒன்பதாண்டுக்கு முந்தியதாக இல்லாமல் ஓராண்டுக்கு முந்தியதாக இருந்தால்? அவனை மட்டும் கண்ணீர் காட்டி ஏய்க்கலாமா? அவனிடம் மட்டும் இரக்கத்தைத் தூண்டிலாக வீசலாமா?

பிராங்பர்ட்டர் என்ற நீதிபதியும் அவருடன் சேர்ந்த மூவரும் வேறு கேள்வி கேட்டார்கள். இவன் எப்படிப்பட்டவன் என்பது கிடக்கட்டும். சர்க்கார் எப்படி நடந்து கொண்டது என்று பாருங்கள் என்றார்கள். சர்க்காரின் நடத்தை நேர்மையின் எல்லையைத் தாண்டிவிட்டதா என்பதே கேள்வி. அதற்கு விடை, அகப்பட்டவன் உத்தமனா ஊதாரியா என்பதைப் பொறுத்து மாறக்கூடாது என்றார்கள். நால்வர் சொன்னது, ஐவர் சொல் அல்ல, ஆகவே சட்டமாகவில்லை.

நான் அந்த நால்வர் பக்கம்! நீங்களும் அந்தப் பக்கமே நிற்க வேண்டுமென்று வாதாடத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையிலே உங்கள் நேரத்தைக் கேட்கிறேன்.

ஏன் தெரியுமா? ஐவர் திறந்து வைத்த கதவு வழியாக எது நுழைந்தது என்பதைக் கேளுங்கள். 1973இல் ரஸ்ஸல் வழக்கு. போதை மருந்து காய்ச்சுவதற்கு இன்றியமையாத, எளிதிலே கிடைக்காத ஒரு மூலப்பொருளைச் சர்க்காரின் மறைமுக அதிகாரியே கொண்டு போய்க் கொடுத்தார். தண்டனை செல்லும் என்றனர் ஐவர். செல்லாது என்றனர் நால்வர். 1976இல் ஹாம்ப்டன் வழக்கு. அதிலே குற்றஞ்சாட்டப்பட்டவன் சொன்னது இது: விற்ற மருந்தை எனக்குக் கொடுத்தவன் சர்க்காரின் வேவுகாரன், அதை என்னிடம் வாங்கியவர்கள் சர்க்காரின் அதிகாரிகள்! அவன் சொல்வது மெய்யென்றே வைத்துக் கொண்டாலும், தயாராக இருந்தவனுக்கு விடுதலை இல்லை என்று ஐவர் சேர்ந்து தண்டனையை உறுதி செய்தார்கள், மூவர் மறுத்தார்கள்.

சரக்கும் சர்க்காருடையது; காசும் சர்க்காருடையது; கொடுத்தவனும் சர்க்காரின் ஆள்; கொண்டவனும் சர்க்காரின் ஆள். இடையிலே கை நீட்டி வாங்கிக் கை நீட்டிக் கொடுத்த ஒருவன் மட்டும் குடிமகன். அவன் மட்டும் குற்றவாளி! சர்க்காரின் இடக்கையிலிருந்து வலக்கைக்குப் போன அந்தப் பொருளால், அந்த நாட்டிலே ஒரு குன்றிமணி அளவு நஞ்சாவது குறைந்ததா?

மனத்தைத்தான் பார்ப்போம் என்ற கோட்பாட்டின் உட்பொருள் இதுதான். ஒருமுறை தண்டனை பெற்றவன், என்றென்றைக்கும் வேட்டைக்கு உரிய விலங்கு. மாளிகைவாசிக்குப் பழைய தண்டனை ஏடு இராது. அவனைப் பொறியிலே சிக்கவைத்தால் அப்பாவியைக் கெடுத்தார்கள் என்று ஊர் கூடிக் கூக்குரலிடும். சேரிவாசி மீது ஏற்கனவே ஒரு வழக்கு இருக்கும். அவனுக்கு மட்டும், இவன் தயாராகத்தானே இருந்தான் என்பார்கள். தண்டனை அனுபவித்து முடித்தவன் கணக்குத் தீர்த்தவன். தீர்ந்த கணக்கை மீண்டும் திறந்து வட்டி கேட்கும் வழக்கம் கந்துவட்டிக்காரனுக்கு உண்டு, அரசுக்கும் இருக்கலாமா?

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். அதை மூடி மறைப்பது நமக்கு அழகன்று. "போதை மருந்து வாணிபம் இருட்டிலே நடப்பது. கொலைக்குப் பிணம் சாட்சி. களவுக்குப் பறிகொடுத்தவன் சாட்சி. இதிலே விற்றவனும் சொல்ல மாட்டான், வாங்கியவனும் சொல்ல மாட்டான். மாறுவேடம் பூண்டு போகாமல் எப்படிப் பிடிப்பது?" என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. மாறுவேடத்தையே ஒழியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. கடை விரித்துக் காத்திருப்பவனிடம் வாடிக்கைக்காரனைப் போலச் செல்லுங்கள். எல்லாரும் கேட்பது போலக் கேளுங்கள். கொடுத்தால் பிடியுங்கள், எங்கள் வாழ்த்தும் உங்களுக்கு உண்டு. கொடுக்க மறுத்தால் திரும்பிவிடுங்கள்! மறுத்தவனிடம் மன்றாடுவதும், நட்பை நடிப்பதும், நோயைக் காட்டி நெஞ்சைக் கரைப்பதும், ஏழ்மையைக் கண்டு பண ஆசை காட்டுவதும் புலனாய்வு ஆகா. அடையாளம் மிகத் தெளிவாக இருக்கிறது: வாடிக்கைக்காரன் செய்வதை மட்டும் செய்தானா, வாடிக்கைக்காரன் செய்யாததையும் செய்தானா?

இந்த அளவுகோல் என் கற்பனையில் முளைத்ததன்று. 2001இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, லூஸ்லி வழக்கிலே ஏறக்குறைய இதைத்தான் சொல்லிற்று. ஒரே நாளில் இரண்டு வழக்குகளைத் தீர்த்தது. ஒன்றில், எண்ணைக் கொடுத்ததும் தொலைபேசியில் பேசி, கேட்டதும் தயக்கமின்றிக் கொண்டு வந்தவனின் முறையீடு தள்ளப்பட்டது. மற்றொன்றில், மலிவு விலைக் கள்ளச் சிகரெட்டைக் காட்டி ஆசை மூட்டி, அந்த வாணிபத்தில் தனக்கு நாட்டமில்லை என்று தயங்கியவனைத் திரும்பத் திரும்ப நச்சரித்து ஹெராயின் வாங்கிவரச் செய்திருந்தார்கள் காவலர்கள். அந்த வழக்கை நடத்தவே கூடாது என்று நிறுத்திய நீதிபதி செய்தது சரியென்றது சபை. பார்த்தீர்களா? வேவும் நின்றுவிடவில்லை, வேட்டையும் நின்றுவிடவில்லை, வஞ்சகம் மட்டும் வெளியே தள்ளப்பட்டது.

1998இல் ஐரோப்பிய மனித உரிமை மன்றத்திலே ஒரு போர்த்துகல் வழக்கு. முன்பு எந்தத் தண்டனையும் இல்லாத ஒருவனின் வீட்டுக்கு நள்ளிரவை ஒட்டி வந்து, ஹெராயின் வேண்டுமென்று கேட்டார்கள் சாதாரண உடையிலிருந்த இரு காவலர்கள். அவன் வீட்டிலே சரக்கு இல்லை. வேறொருவனிடம் சென்று வாங்கி வந்தான். ஆறாண்டுச் சிறை! அந்தக் காவலர்கள் குற்றத்தைக் கண்டுபிடிக்கவில்லை, தூண்டிவிட்டார்கள். ஆகவே தொடக்கத்திலிருந்தே அவனுக்கு நேர்மையான விசாரணை இல்லாமல் போயிற்று என்றது மன்றம். போதை மருந்தை ஒழிப்பது எத்துணைப் பெரிய பொதுநலமாயினும், காவலரே தூண்டிப் பெற்ற சான்றை அது நியாயப்படுத்தாது என்றும் சொல்லிற்று.

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. 1956இலேயே பீகாரிலிருந்து வந்த ஒரு லஞ்ச வழக்கில் இந்திய உச்சநீதி மன்றம் கோடு கிழித்துக் காட்டியது. குற்றஞ்செய்யத் துடித்துக் கொண்டிருப்பவனை வெளிப்படச் செய்வது வேறு. செய்வதில்லை என்று ஒருவன் உறுதியாக முடிவெடுத்த பிறகு அவனை முடுக்கிவிட்டுச் செய்ய வைப்பது வேறு என்றது. இந்தக் கோட்டை மறவாதிருக்க வேண்டிய காலம் இது. 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தின்படி, வணிக அளவு என்று வகுக்கப்பட்ட சரக்குக்குக் குறைந்த தண்டனையே பத்தாண்டு. குற்ற மனம் இருந்ததாக மன்றம் அனுமானித்துக் கொள்ளும். இல்லையென்று மெய்ப்பிக்க வேண்டிய சுமை, பிடிபட்டவன் தோளிலே! அந்தச் சட்டத்தின் அதிகாரிகள் முன் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதலாகக் கொண்டு தண்டிக்கக் கூடாது என்று 2020இல்தான் உச்சநீதி மன்றம் சொல்லிற்று. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கிலே. தண்டனை எவ்வளவு கடுமையோ, பிடிக்கும் முறை அவ்வளவு தூய்மையாக இருக்க வேண்டாமா?

"போதைப் பொருள் விற்றவனுக்காகக் கட்சி ஏட்டிலே கட்டுரையா? நமக்கேன் இந்த வேலை?" என்று முணுமுணுக்கும் தோழருக்கு ஒரு சொல். தூண்டிலிலே இன்று மாட்டியிருப்பது போதை மருந்து. அதே தூண்டிலிலே நாளைக்கு வேறொன்றை மாட்டலாம். ஜார் ஆண்ட ரஷ்யாவிலே அசேவ் என்றொருவன் இருந்தான். சமூகப் புரட்சிக் கட்சியின் ஆயுதப் பிரிவுக்கே தலைவன். அதே வேளையில் ஜார் அரசின் காவல் துறையிடம் கூலி வாங்கிய ஒற்றன்! 1904இல் உள்துறை அமைச்சர் பிளேவே குண்டு வீசிக் கொல்லப்பட்டாரே, அந்தச் சதிக்கும் அவனே தலைமை. அவனை நம்பிச் சென்ற இளைஞர்கள் தூக்குமரத்தையும் சைபீரியாவையும் கண்டார்கள். ஊர்வலத்திலே அமைதியாக நடந்து செல்லும் தோழனின் பக்கத்திலே வந்து நின்று, எடு கல்லை, எறி என்று காதோரம் கிசுகிசுப்பவன் எவன் என்று கேட்கும் உரிமை நமக்கு வேண்டுமானால், அந்த உரிமை மருத்துவரின் வாயிலிலே நின்ற நோயாளிக்கும் வேண்டும். அவனுக்கு இல்லாத கேடயம் நமக்கும் இல்லை.

போதை மருந்து வீட்டைக் கெடுக்கும், நாட்டைக் கெடுக்கும், அதை நாம் வெறுக்கிறோம். வெறுப்பதனால்தான் கேட்கிறோம்: ஷெர்மனைப் பிடித்ததால் எந்தக் கொள்ளைக்காரனின் கிடங்கு மூடப்பட்டது? கப்பலிலே கொண்டு வந்தவன் எங்கே? கள்ளப் பணத்திலே மாளிகை கட்டியவன் எங்கே? மருந்தை விட முயன்ற ஒரு நோயாளி, மீண்டும் மருந்துக்கு அடிமையானான். அந்தச் சாதனைக்கு ஏழாண்டு வழக்கு, இரண்டு விசாரணை, மூன்று மேல்முறையீடு! கணக்கு ஏட்டிலே ஒரு கைது கூடிற்று. நாட்டிலே ஒரு குற்றமும் கூடிற்று.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊர்த் தெருமுனையிலே, தேநீர்க் கடையிலே, படிப்பகத்திலே, "இத்தனை பேரைப் பிடித்தோம்" என்று செய்தி படிக்கப்படும் போதெல்லாம், கை தட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். முதலில் கேட்டவன் யார்? மறுத்தபோது என்ன செய்தான்? காட்டிக் கொடுத்தவனுக்குக் கிடைத்த கூலி என்ன? இந்த மூன்றுக்கும் நேரான விடை கிடைத்தால் கை தட்டுங்கள், நானும் தட்டுகிறேன். கிடைக்காவிட்டால், பிடிபட்டவன் எப்படிப்பட்டவன் என்று பாராமல், அவனுக்காக வழக்கறிஞர் தேடுங்கள்.

களை எடுக்கத்தான் கொற்றத்தின் கையிலே களைக்கொத்தைக் கொடுத்தோம். அந்தக் கை இரவிலே வந்து களையை விதைத்துவிட்டுப் போனால், பயிருக்குரியவன் பார்த்துக் கொண்டிருக்க மாட்டான்!